அந்துப்பூச்சிகளின் இனப்பெருக்கமும் கதிர்வீச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வீச்சைக் கொண்டு அந்துப்பூச்சிகளைக் கொல்வதுதானே நோக்கம்?

இல்லை. கொல்வதற்கு மலிவான வழிகள் பல இருக்கின்றன. இங்கே பூச்சியை உயிரோடும் பறக்கும் திறனோடும் இணை தேடும் ஆர்வத்தோடும் வைத்திருந்து, அதன் வாரிசுகளை மட்டும் தடுப்பதே நோக்கம். ஆய்வகத்தில் பெருமளவில் வளர்த்த பூச்சிகளைக் காமா கதிர் அல்லது எக்ஸ் கதிருக்கு உட்படுத்தி வயலில் விட்டால், அவை அங்குள்ள காட்டுப் பூச்சிகளோடு கூடும். அந்தக் கூடலில் விழும் முட்டைகள் பொரிக்காது, அல்லது மிகக் குறைவாகவே பொரிக்கும். இதை மலட்டுப் பூச்சி நுட்பம் என்கிறோம்.

எட்வர்ட் நிப்லிங் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் கால்நடைகளின் புண்ணில் முட்டையிடும் திருகுப்புழு ஈயை ஒழிப்பதற்காக இந்த யோசனையை வளர்த்தெடுத்தார். 1954-இல் கரீபியக் கடலின் குராசாவோ தீவில் அது வெற்றி பெற்றபோது, ஈக்கு ஆனது அந்துப்பூச்சிக்கும் ஆகும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் அந்துப்பூச்சி வேறு மாதிரி நடந்துகொண்டது. கீழே வரும் பெரும்பாலான கேள்விகள் அந்த வேறுபாட்டிலிருந்து பிறந்தவைதான்.

மலடான ஆண் என்றால் விந்தணுவே இல்லாத ஆணா?

இந்தத் துறையில் மிக அதிகமாகக் காணப்படும் தவறான எண்ணம் இதுதான். கதிர் பட்ட ஆணிடம் விந்தணு இருக்கிறது, அது நீந்துகிறது, பெண்ணின் உடலுக்குள் சென்று முட்டைக்குள்ளும் நுழைகிறது. கருவுறுதல் வரை எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. விந்தணு சுமந்து செல்லும் குரோமோசோம்கள் மட்டுமே உடைந்திருக்கின்றன. அந்த உடைசல் கருவுக்குள் வந்தபின், செல்கள் பிரியும்போதுதான் வெளிப்பட்டுக் கருவைக் கொல்கிறது. தாயிடமிருந்து வந்த நல்ல குரோமோசோம் இருந்தும் கரு பிழைக்காத அளவுக்கான சேதம் என்பதால் இதை ஓங்கு உயிர்க்கொல்லி மாற்றம் என்று மரபியலாளர்கள் அழைக்கிறார்கள். எக்ஸ் கதிர் மரபுப் பொருளில் மாற்றங்களை உண்டாக்கும் என்பதை 1927-இல் ஹெர்மன் முல்லர் பழ ஈயில் காட்டியதே இந்த அறிவுக்கு அடித்தளம்.

விந்தணு இருப்பது ஒரு நன்மையும்கூட. கூடலுக்குப் பின் விந்தணு கிடைக்காத பெண், பெரும்பாலும் மீண்டும் இணை தேடத் தொடங்கிவிடும். நல்ல அளவு விந்தணு பெற்ற பெண்ணோ சில காலத்துக்காவது இணை தேடுவதை நிறுத்தி முட்டையிடத் தொடங்கும். முட்டைகள் வீணாகப் போவது அதற்குத் தெரியாது.

ஈக்களுக்குப் போதுமான அளவு அந்துப்பூச்சிக்கு ஏன் போதவில்லை?

முதலில் அளவைப் பற்றி ஒரு சொல். உறிஞ்சப்படும் கதிர்வீச்சை கிரே என்ற அலகால் அளக்கிறோம். ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது 1 கிரே. உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 முதல் 5 கிரே வரை பட்டால், மருத்துவ உதவி இல்லாத நிலையில் மனிதர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைப்பதில்லை. சில வெட்டுக்கிளிகளை மலடாக்க 5 கிரே கூடத் தேவைப்படுவதில்லை. பல ஈ இனங்களுக்கு 100 கிரேயோ அதற்குக் குறைவாகவோ போதும். ஆண் அந்துப்பூச்சியை முழுமையாக மலடாக்க 300 கிரேயும் அதற்கு மேலும் தேவைப்படும் இனங்கள் பல உள்ளன.

காரணம் குரோமோசோமின் அமைப்பில் இருக்கிறது. ஈயின் குரோமோசோமிலும் நம்முடைய குரோமோசோமிலும் சென்ட்ரோமியர் என்ற ஒரே ஒரு பிடிப்பிடம் உண்டு. செல் பிரியும்போது செல்லுக்குள் உருவாகும் மெல்லிய இழைகள் அந்த இடத்தைப் பற்றித்தான் குரோமோசோமை ஒரு பக்கமாக இழுக்கின்றன. கதிர்வீச்சு அந்தக் குரோமோசோமை இரண்டாக உடைத்தால், பிடிப்பிடம் இல்லாத துண்டு அநாதையாகி அடுத்த பிரிவில் தொலைந்துவிடும். உடைந்த முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு பிடிப்பிடங்கள் உள்ள குரோமோசோம் உருவானால், அது இரு பக்கமும் இழுபட்டு மறுபடி உடையும். ஒட்டுவதும் உடைவதுமான இந்தச் சுழற்சியில் கரு சீக்கிரமே அழிகிறது.

அந்துப்பூச்சிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் அடங்கிய வரிசையில் அப்படி ஒற்றைப் பிடிப்பிடம் கிடையாது. குரோமோசோமின் நீளத்தில் பெரும்பகுதி முழுவதுமே இழைகள் பற்றிக்கொள்ளும் இடமாக இருக்கிறது. ஆகவே உடைந்த துண்டும் தன் பங்குக்கு இழைகளில் தொற்றிக்கொண்டு, முழுக் குரோமோசோமைப் போலவே அடுத்த செல்லுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒற்றைக் கயிற்றில் தொங்கும் பொருளையும், நெடுக்கிலும் பல கயிறுகளால் கட்டிய பொருளையும் நடுவில் வெட்டிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். இரண்டாவதில் எந்தத் துண்டும் கீழே விழாது. எனவே கரு உடனடியாகச் சாவதற்கு மிக அதிகமான உடைப்புகள் தேவைப்படுகின்றன.

அப்படியானால் 400 அல்லது 500 கிரே கொடுத்து முழு மலடாக்கிவிட்டால் என்ன?

ஆய்வகத்துக்குள் அது நடக்கும். வயலில் விட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்த அளவு கதிர் பட்ட ஆண் குறைவாகப் பறக்கிறது, பெண் வெளியிடும் இனக்கவர்ச்சி வாசனையைத் தேடிச் செல்வதில் பின்தங்குகிறது, கூடினாலும் கொடுக்கும் விந்தின் அளவு குறைகிறது. காட்டு ஆணோடு போட்டியிட முடியாத மலடன் எத்தனை லட்சம் இருந்தும் பயனில்லை.

அந்துப்பூச்சியின் விந்தில் இரண்டு வகை விந்தணுக்கள் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒன்றில் குரோமோசோம்களைச் சுமக்கும் உட்கரு இருக்கும். அதுதான் முட்டையைக் கருவுறச் செய்யும். மற்றொன்று உட்கரு இல்லாதது, எண்ணிக்கையில் மிக அதிகம். பெண்ணின் சேமிப்புப் பையை நிரப்பி அதன் மறுகூடல் ஆர்வத்தைத் தணிப்பது இந்த இரண்டாவது வகையின் வேலைகளில் ஒன்று என்று கருதப்படுகிறது. ஆண் இவற்றை ஒரு சிறு பொதியாகக் கட்டிப் பெண்ணின் புணர்பைக்குள் வைக்கிறது. அங்கிருந்து விந்தணுக்கள் சேமிப்புப் பைக்கு நகர வேண்டும். கூடிய பெண்ணை அறுத்துப் பார்க்கையில் பொதி இருந்தும் சேமிப்புப் பை ஏறத்தாழ வெறுமையாக இருந்தால், கூடல் நடந்தது, பரிமாற்றம் நடக்கவில்லை என்று பொருள். கதிரின் அளவு கூடக் கூட இந்தக் காட்சி அடிக்கடி தென்படும். வயலில் அந்தப் பெண் இன்னோர் ஆணைத் தேடிப் போயிருக்கும்.

அப்படியென்றால் வழி என்ன? மரபுவழி மலட்டுத்தன்மை என்று ஏதோ சொல்கிறார்களே?

அளவைக் குறைப்பதுதான் வழி. கேட்பதற்கு முரணாகத் தோன்றும். ஆனால் அந்துப்பூச்சியைப் பொறுத்தவரை குறைந்த கதிர்வீச்சே நிறைந்த மலட்டுத்தன்மையைத் தருகிறது.

ஆணுக்கு 100 முதல் 200 கிரே வரை கொடுத்தால் அது பாதி மலடாகிறது. அதனோடு கூடிய பெண்ணின் முட்டைகளில் ஒரு பகுதி பொரித்துவிடும். பொரித்த பிள்ளைகள் உயிர் வாழ்கின்றன, ஆனால் அவற்றின் ஒவ்வொரு செல்லிலும் தந்தையிடமிருந்து வந்த துண்டுகளும், இடம் மாறி ஒட்டிக்கொண்ட குரோமோசோம்களும் இருக்கின்றன. உடல் செல்கள் பிரியும்போது அவை பெரிய தொல்லை தருவதில்லை. மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து தன் விந்தணுவையோ முட்டையையோ உருவாக்கும்போது, குரோமோசோம்கள் இணை சேர்ந்து பிரிய வேண்டிய கட்டம் வருகிறது. இடம் மாறிய துண்டுகளுக்குச் சரியான இணை கிடைக்காது. சில விந்தணுக்களுக்கு ஒரு பகுதி இரட்டிப்பாகவும் சிலவற்றுக்கு இல்லாமலும் போகிறது. அத்தகைய விந்தணுவிலிருந்து வரும் கரு சாகிறது. விளைவாக, கதிரே படாத பிள்ளைகள், கதிர் பட்ட தந்தையைவிட அதிக மலடாக இருக்கின்றன.

இந்த நிகழ்வை 1930-களில் சோவியத் ஆய்வாளர்கள் பட்டுப்புழு அந்துப்பூச்சியில் முதலில் கவனித்தார்கள். பூச்சிக் கட்டுப்பாட்டுக்கு அது பயன்படும் என்ற எண்ணம், 1960-களின் தொடக்கத்தில் கனடாவில் ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியில் ஆய்வு நடத்தியபோதுதான் உருப்பெற்றது. 1970-இல் நிப்லிங் கணக்குப் போட்டுக் காட்டினார்: முழு மலடான ஆண்களைவிடப் பாதி மலடான ஆண்கள் பூச்சிக் கூட்டத்தை அதிகமாக ஒடுக்கும்.

அந்தக் கணக்கின் சாரத்தை எளிய எண்களில் பார்க்கலாம். இவை விளக்கத்துக்கான எண்கள். இனத்துக்கு இனம் மாறும். ஒரு காட்டுப் பெண் 200 முட்டைகள் இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஆணோடு கூடினால் 180 பொரிக்கும். அவற்றில் நூற்றுக்கு ஐந்து பிழைத்தால் 9 அந்துப்பூச்சிகள் வரும். முழு மலடனோடு கூடினால் ஒன்றும் வராது. அந்த ஆணின் வேலை அந்தப் பெண்ணோடு முடிந்துவிடும். பாதி மலடனோடு கூடினால் 60 பொரித்து, 3 பூச்சிகள் பிழைக்கும், அவற்றில் 2 ஆண் என்று கொள்வோம். இந்த 2 ஆண்களும் வயலிலேயே பிறந்து வளர்ந்தவை; கதிரும் கூண்டும் அறியாதவை; பறக்கவும் தேடவும் நன்றாகவே வல்லவை. அவை ஆளுக்கொரு காட்டுப் பெண்ணோடு கூடினால், ஒவ்வொரு பெண்ணிடமிருந்தும் 180 புழுக்கள் வர வேண்டிய இடத்தில் 20 மட்டுமே வரும். ஆக, விடப்பட்ட ஓர் ஆண் தன் இணையின் பிள்ளைகளைக் குறைத்ததோடு, அடுத்த பருவத்தில் இன்னும் இரண்டு பெண்களின் பிள்ளைகளையும் குறைத்துவிடுகிறது. மூன்றாவது பூச்சியான அந்த மகளின் முட்டைகளும் பெரும்பாலும் வீண்தான்.

பிள்ளைகளில் ஆண்கள் அதிகமாக இருப்பது ஏன்?

அந்துப்பூச்சியில் பால் நிர்ணயம் நமக்கு நேர்மாறானது. ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஒன்றுதான் (பெரும்பாலான இனங்களில் அதற்குத் துணையாக ஒரு டபிள்யூ இருக்கும்). மகளுக்குக் கிடைக்கும் அந்த ஒற்றை இசட் தந்தையுடையது, அதாவது கதிர் பட்டது. அதில் உயிருக்குத் தேவையான மரபணு ஒன்று கெட்டிருந்தால் ஈடுகட்ட வேறு பிரதி இல்லை, மகள் சாகிறாள். மகனுக்குத் தாயிடமிருந்து நல்ல இசட் ஒன்று வருவதால் அவன் தப்பிக்கிறான்.

தப்பித்த மகன்தான் மகளைவிடப் பெரும்பாலும் அதிக மலடு. பெண் அந்துப்பூச்சியின் முட்டை உருவாக்கத்தில் குரோமோசோம்கள் தமக்குள் பகுதிகளை மாற்றிக்கொள்வதில்லை, ஆணில் மாற்றிக்கொள்கின்றன. இடம் மாறிய துண்டுகளோடு அந்தப் பரிமாற்றம் நடக்கும்போது குழப்பம் கூடுகிறது. கட்டுப்படுத்த விரும்புவோருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது: பிள்ளைகளில் ஆண் மிகுதி, அந்த ஆண்களிடம் மலடு மிகுதி, பயிரில் முட்டையிடும் பெண்கள் குறைவு.

பெண் அந்துப்பூச்சிக்கு என்ன ஆகிறது?

பெண் மிக எளிதில் மலடாகிறது. காட்லிங் அந்துப்பூச்சியில் 100 கிரேயில் பெண் முழு மலடாகிவிடும். அதே அளவில் ஆணுக்கு இன்னும் கணிசமான கருவளம் இருக்கும். முட்டைக்கு ஊட்டம் தரும் செல்கள் சேதமடைவதால் முட்டை எண்ணிக்கையும் குறைகிறது. இதனால் ஒரு பெரிய நடைமுறைச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஆண் பெண் கூட்டுப்புழுக்களை லட்சக்கணக்கில் பிரித்தெடுப்பது கடினமான வேலை. இரண்டையும் சேர்த்தே கதிருக்கு உட்படுத்திச் சேர்த்தே விட்டாலும், பெண் முழு மலடாகவும் ஆண் பாதி மலடாகவும் இருக்கும்படி ஓர் அளவைத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

எந்தப் பருவத்தில் கதிர் கொடுப்பது சரி?

முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என்ற வரிசையில் முன்னே போகப் போகத் தாங்கும் திறன் கூடும். வேகமாகப் பிரியும் செல்களே கதிர்வீச்சுக்கு எளிதில் பலியாகும் என்று 1906-இல் பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் வகுத்த விதி இதற்கும் பொருந்தும். இளம் கூட்டுப்புழுவில் இறகும் காலும் உணர்கொம்பும் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும். அப்போது கதிர் பட்டால் சுருங்கிய இறகோடு வெளிவரும் ஊனமுற்ற பூச்சிதான் கிடைக்கும். அந்துப்பூச்சி வெளிவருவதற்கு ஓரிரு நாள் முன்னர், கூட்டின் தோல் வழியே கண்ணும் இறகும் கறுத்துத் தெரியும் கட்டத்தில், உடல் கட்டுமானம் ஏறத்தாழ முடிந்திருக்கும்; விந்தணுக்களும் உருவாகியிருக்கும். முதிர்ந்த கூட்டுப்புழு அல்லது புதிதாக வெளிவந்த அந்துப்பூச்சி, இவையே ஏற்ற பருவங்கள். அந்துப்பூச்சியாகவே கொடுப்பதானால் குளிரூட்டி மயங்கவைத்துக் கலத்தில் அடைப்பார்கள். இல்லாவிட்டால் படபடத்துச் செதில் உதிர்ந்து இறகு பாழாகும்.

காற்றில் ஆக்சிஜனைக் குறைத்து, நைட்ரஜன் நிரம்பிய கலத்தில் கதிர் கொடுத்தால் உடல் சேதம் குறையும் என்பதும் தெரிந்ததே. ஆனால் மலட்டுத்தன்மையும் ஓரளவு குறைவதால், அந்த முறைக்கு அளவைத் தனியாக வகுக்க வேண்டும்.

பூச்சி கதிரியக்கப் பொருளாக மாறிவிடாதா? அதைத் தின்னும் பறவைக்கு ஆபத்தா?

மாறாது, ஆபத்தும் இல்லை. கோபால்ட்-60, சீசியம்-137 ஆகியவற்றின் காமா கதிர்களுக்கும், இதற்குப் பயன்படும் எக்ஸ் கதிர்களுக்கும் அணுக்கருவை மாற்றிப் பொருளைக் கதிரியக்கமுடையதாக்கும் ஆற்றல் கிடையாது. 200 கிரே என்பது வெப்பமாகக் கணக்கிட்டால் பூச்சியின் உடலை ஒரு செல்சியஸ் பாகையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மட்டுமே சூடாக்கும். அவ்வளவு சிறிய ஆற்றல்தான் ஒரு குலத்தையே நிறுத்துகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது. எச்சரிக்கை தேவைப்படுவது கதிர் மூலத்தைக் கையாளுவோருக்கு. கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள் என்பதால், கதிர் கொடுக்க வேண்டிய நேரத்தை அவ்வப்போது திருத்திக்கொள்ள வேண்டியதும் அவர்கள் பொறுப்பே. கதிர் மூலங்களின் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் கடுமையாகிவிட்டதால் இப்போது பல இடங்களில் எக்ஸ் கதிர் இயந்திரங்களுக்கு மாறிவருகிறார்கள்.

கதிர் சரியாகப் பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கலத்தின் நடுவிலும் ஓரத்திலும் படும் அளவு ஒன்றாக இருக்காது என்பதால், கலத்தின் பல இடங்களில் நிறம் மாறும் அளவீட்டுப் படலங்களை வைத்து அளப்பார்கள். கதிர் பட்ட கலத்தையும் படாத கலத்தையும் குழப்பிக்கொள்ளாமலிருக்க ஒவ்வொன்றிலும் நிறம் மாறும் ஒட்டுவில்லை ஒன்று இருக்கும். ஆனால் கடைசித் தீர்ப்பு முட்டையிடம்தான். கதிர் பட்ட ஆண்களைக் கதிர் படாத பெண்களோடு சிறு கூண்டுகளில் சேர்த்து, தாளில் விழுந்த முட்டைகளை எண்ணி, சில நாள் கழித்துப் பொரித்தவற்றை எண்ண வேண்டும்.

இந்த வேலையில் பூதக்கண்ணாடி வழியே பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. காட்லிங் முட்டையை எடுத்துக்கொண்டால், முதலில் பால் வெள்ளையாக இருக்கும். பின்னர் உள்ளே சிவந்த வளையம் ஒன்று தோன்றும். பொரிப்பதற்குச் சற்று முன் புழுவின் கறுப்புத் தலை ஒரு புள்ளியாகத் தெரியும். கருவுறாத முட்டையில் வளையமே தோன்றாது, சுருங்கி உலர்ந்துபோகும். கதிர் பட்ட ஆணின் முட்டைகளிலோ வளையம் வந்தும், சிலவற்றில் கறுப்புத் தலை வந்தும், அங்கேயே நின்றுவிட்ட கருக்களைக் காணலாம். ஈக்களில் கரு பெரும்பாலும் தொடக்கத்திலேயே அழியும்; அந்துப்பூச்சியில் சாவு தாமதமாக வருகிறது. ஆகவே கறுப்புத் தலையைப் பார்த்ததும் "இது பொரித்துவிடும்" என்று எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. புதிதாக வருவோர் இந்தப் பிழையைச் செய்யாமல் இருந்ததில்லை.

வயலில் பொறியில் விழும் பூச்சி நாம் விட்டதா, காட்டுப் பூச்சியா?

புழுக்களுக்குக் கொடுக்கும் செயற்கை உணவிலேயே எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயத்தைக் கலந்துவிடுவார்கள். சாயம் உடற்கொழுப்பில் தங்கி அந்துப்பூச்சியாகும் வரை நிற்கும். பொறியில் ஒட்டியிருக்கும் பூச்சியின் வயிற்றைக் குச்சி முனையால் நசுக்கினால், நம்முடையது இளஞ்சிவப்பாகக் கசியும்; காட்டுப் பூச்சி வெளிர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும். இந்த எண்ணிக்கையின் விகிதமே திட்டத்தின் நாடி. காட்லிங் அந்துப்பூச்சிக்கு ஒரு காட்டுப் பூச்சிக்கு 40 மலட்டுப் பூச்சி என்ற விகிதத்தை இலக்காக வைப்பது வழக்கம்.

இது நிஜமான வயல்களில் பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒகனாகன் பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களுக்காக 1992-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டு, ஒசோயூஸ் என்ற ஊரில் வளர்ப்புக்கூடம் கட்டப்பட்டது. 1994 முதல் மலட்டுக் காட்லிங் அந்துப்பூச்சிகள் வாரந்தோறும் தோட்டங்களில் விடப்பட்டன. அங்கே பூச்சியின் எண்ணிக்கையும் அதற்காகத் தெளிக்கும் மருந்தின் அளவும் பெருமளவு குறைந்தன.

அமெரிக்காவில் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு எதிராகக் கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் 1968 முதலே மலட்டு அந்துப்பூச்சிகள் விடப்பட்டுவந்தன. பின்னர் பிடி பருத்தி (காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றப்பட்ட பருத்தி), இனக்கவர்ச்சி வாசனை, விமானத்திலிருந்து விடப்பட்ட மலட்டுப் பூச்சிகள் எனப் பலவும் ஒன்றுசேர்ந்து, 2018 அக்டோபரில் அந்த நாட்டின் பருத்திப் பகுதிகள் இந்தப் புழுவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இதை மலட்டுப் பூச்சியின் தனி வெற்றி என்று சொல்வது நியாயமல்ல. பிடி பருத்தி எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுத்தது. பிடியைத் தாங்கிப் பிழைத்த சிலவும் தம்மைப் போன்ற இணையைச் சந்திக்காமல் மலட்டுப் பூச்சிகள் பார்த்துக்கொண்டன.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1999-இல் கண்டறியப்பட்ட பெயிண்டட் ஆப்பிள் அந்துப்பூச்சி 2006-இல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த இனத்தின் பெண்ணுக்கு இறகு கிடையாது. அதனால் 100 கிரே கொடுக்கப்பட்ட ஆண்களை மட்டுமே விட்டார்கள். மெக்சிகோவின் முஹேரெஸ், கொந்தோய் தீவுகளில் 2006-07-இல் தலைகாட்டிய கள்ளி அந்துப்பூச்சியை அழித்ததிலும் கதிர் பட்ட பூச்சிகளுக்குப் பங்கு உண்டு. சப்பாத்திக்கள்ளியை ஒழித்ததற்காக ஆஸ்திரேலியாவில் கொண்டாடப்பட்ட அதே பூச்சி, கள்ளியை உணவாகவும் பயிராகவும் கொண்ட மெக்சிகோவில் எதிரியானது. தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சுத் தோட்டங்களின் பொய்க் காட்லிங் அந்துப்பூச்சிக்கு எதிராக 2007 முதல் வணிக அளவில் 150 கிரே கொடுக்கப்பட்ட பூச்சிகள் விடப்படுகின்றன.

பாதி மலடனின் பிள்ளைகள் பயிரைத் தின்னாதா?

தின்னும். இந்த முறையின் விலை அதுதான், அதை மறைப்பதில் பொருளில்லை. பொரித்து வரும் புழுக்கள் மெதுவாக வளர்கின்றன, பல நடுவழியிலேயே சாகின்றன. ஆனாலும் பிழைத்தவை தம் பங்குக்குக் காயைத் துளைக்கும். ஆகவே காட்டுப் பூச்சியின் எண்ணிக்கை ஏற்கனவே அதிகமாக இருக்கும்போது இதைத் தொடங்குவது தவறு. முதலில் வேறு முறைகளால் எண்ணிக்கையைத் தணித்துவிட்டு, பருவத் தொடக்கத்திலேயே விட வேண்டும். இதற்கு ஓர் ஆறுதலும் உண்டு: பொரிக்காத முட்டைகளும் தாமதமாக வளரும் புழுக்களும் வயலில் கிடப்பதால், அவற்றில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு உணவு கிடைக்கிறது. இரண்டு முறைகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால் தனித்தனியே கிடைப்பதைவிடக் கூடுதல் பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இது மரபணு மாற்றம் ஆகாதா?

வேற்று மரபணு எதுவும் சேர்க்கப்படுவதில்லை. குரோமோசோம்கள் தாறுமாறாக உடைகின்றன. அந்த உடைசலும் ஓரிரு தலைமுறையில் தன்னைத்தானே அழித்துக்கொண்டு மறைகிறது.

புற ஊதாக் கதிரும் இதே வேலையைச் செய்யுமா?

செய்யாது. புற ஊதாக் கதிர் உடலை ஊடுருவாது. வளர்ந்த பூச்சியின் உள்ளுறுப்பை அது எட்டாது. மெல்லிய ஓடுள்ள முட்டையின் கருவை மட்டும் அதனால் கொல்ல முடியும். டிரைக்கோகிரம்மா என்பது பிற பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும் சிறு ஒட்டுண்ணிக் குளவி; வயலில் விடுவதற்காக அதை அட்டைகளில் வளர்ப்போர் இதை நன்கறிவார்கள்: அட்டையில் ஒட்டிய அரிசி அந்துப்பூச்சி முட்டைகளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் கருவைக் கொன்றபின்தான் ஒட்டுண்ணியிடம் விடுகிறார்கள். இல்லையென்றால் ஒட்டுண்ணி தொடாத முட்டைகள் பொரித்து, வெளிவரும் புழுக்கள் பக்கத்திலுள்ள முட்டைகளையே தின்றுவிடும். ஓடும் சத்தும் கெடாமல் கரு மட்டும் செத்த முட்டையில் குளவியின் குஞ்சு நன்றாகவே வளர்கிறது.

பழங்களை ஏற்றுமதிக்கு முன் கதிருக்கு உட்படுத்துகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

அடிப்படை ஒன்று, நோக்கம் வேறு. அங்கே பழத்துக்குள் இருக்கும் புழு, சேரும் நாட்டில் இனம் பெருக்கக் கூடாது என்பதே தேவை. புழு உடனே சாக வேண்டியதில்லை. அந்துப்பூச்சியாக வெளிவராமலிருந்தால் போதும். பன்னாட்டுத் தாவர நலத் தர அளவுகோலில் காட்லிங் அந்துப்பூச்சிக்கு 200 கிரேயும் கீழைநாட்டுப் பழ அந்துப்பூச்சிக்கு 232 கிரேயும் குறைந்தபட்ச அளவாக வைக்கப்பட்டுள்ளன. எல்லாப் பூச்சிகளுக்கும் பொதுவாக 400 கிரே என்ற அளவை வகுத்த அமெரிக்க விதியில்கூட, அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுவும் வளர்ந்த பூச்சியும் விலக்காக வைக்கப்பட்டன. அவற்றின் தாங்கும் திறனுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பச்சைக் காய்ப்புழு, புரோடீனியா புழு போன்றவற்றுக்கு ஏன் இது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை?

கதிர்வீச்சு இவற்றிலும் மரபுவழி மலட்டுத்தன்மையை உண்டாக்குகிறது என்பது ஆய்வகங்களில் நிறுவப்பட்டதே. தடை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த அந்துப்பூச்சிகள் நெடுந்தொலைவு பறப்பவை. ஒரு பகுதியில் ஒழித்தாலும், முன்பே கூடி முடித்த பெண்கள் அடுத்த பகுதியிலிருந்து வந்து முட்டையிட்டுவிடும். பல பயிர்களிலும் களைகளிலும் வாழ்வதால் காட்டுப் பூச்சியின் எண்ணிக்கையும் மிகப் பெரியது. அதற்குப் பல மடங்கு மலட்டுப் பூச்சியை வளர்த்தாக வேண்டும். பச்சைக் காய்ப்புழு கூட்டமாக அடைத்தால் ஒன்றையொன்று தின்னும் இயல்புடையது என்பதால், ஒவ்வொரு புழுவுக்கும் தனி அறை வைத்து வளர்க்க வேண்டியிருக்கிறது. வாரந்தோறும் லட்சக்கணக்கில் இப்படி வளர்ப்பதன் செலவை எண்ணிப் பார்த்தால், காட்லிங் போல ஒன்றிரண்டு பழப் பயிர்களை அண்டி, அதிகம் இடம்பெயராமல் வாழும் இனங்களிலும், புதிய இடத்தில் இப்போதுதான் காலூன்றிய சிறு கூட்டங்களிலும் மட்டும் இந்த முறை ஏன் நிலைத்தது என்பது விளங்கும்.